மேனேஜருக்கு என் மகன் வயது

புது மேனேஜர் சேர்ந்த அன்று காலை, தோளில் பையோடு உள்ளே வந்தவரைக் கல்விக் கடன் கேட்டு வந்த பையன் என்று நினைத்துவிட்டேன். "தம்பி, லோன் டேபிள் அந்தப் பக்கம். புது சார் இன்னும் வரல, கொஞ்சம் உட்காருங்க" என்றேன். அவரும் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து வந்து, "நான்தான் மேடம் அந்தப் புது சார்" என்றார். அவருக்கு வயது 30. என் மகனுக்கு 29. எனக்கு 56.

திருவாரூர் பக்கம் ஒரு சின்ன ஊரில், பொதுத்துறை வங்கிக் கிளை ஒன்றில் கவுண்டரில் இருக்கிறேன். 1991இல் பி.எஸ்.ஆர்.பி., அதாவது அப்போது வங்கிகளுக்கு ஆள் எடுத்த வாரியம், அதன் தேர்வு எழுதிக் கிளார்க்காகச் சேர்ந்தவள். இப்போது இருப்பவர் எனக்குப் பதினோராவது மேனேஜர், என்னைவிட இளையவர்களில் நான்காவது. என் வயதுக்காரர்கள் பலருக்கு இந்த நிலைமை இருக்கிறது, அதிலும் வங்கியில் அதிகம். எங்களுக்குப் பிறகு பல வருடங்கள் பெரிய அளவில் ஆள் எடுக்கவில்லை. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து மூத்தவர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். 2011இல் வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு தொடங்கிய பிறகு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நடுவில் இருக்க வேண்டிய 45 வயது மேனேஜர்கள் குறைவு. அதனால் 56க்கு மேலே நேராக 30 உட்கார்ந்திருக்கிறது. இது அந்தப் பையன் செய்த குற்றமும் இல்லை, என் தலையெழுத்தும் இல்லை. முதலில் எனக்கு இது புரியவில்லை, அதனால் நான் பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எப்படிக் கூப்பிடுவது

முதல் வாரத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. நான் அந்த "தம்பி"யை அன்றோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பத்து நாள் கழித்து ரீஜனல் ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். கேபினுக்குள் வவுச்சர் எடுத்துக்கொண்டு போனவள், "தம்பி, இதுல ஒரு கையெழுத்து" என்று நீட்டிவிட்டேன். பெரியவர் சிரித்தார். எங்கள் மேனேஜருக்குக் காது சிவந்துவிட்டது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை வரை என் பக்கமே வரவில்லை.

மறுநாள் நானே போய், "நேத்து வாய் தவறிடுச்சு சார், இனிமே வராது" என்றேன். "பரவால்ல மேடம்" என்றார். நாற்காலிக்கு "சார்" என்று சொல்வதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வாடிக்கையாளர் முன்னால் நாம் "தம்பி" என்றால், நாளைக்கே நகைக்கடன் வரிசையில் நிற்பவரும் "ஏம்ப்பா மேனேஜரு" என்பார். அவர் கையெழுத்துக்கு இருக்கிற மரியாதை குறைந்தால் நம் கவுண்டரில்தான் கூட்டம் சத்தம் போடும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. என் தோழி ஒருத்தி வேறு ஊர் கிளையில் இருக்கிறாள். இளைய மேனேஜர் உள்ளே வரும்போதெல்லாம் வேண்டுமென்றே எழுந்து நின்று "வணக்கம் சார்" என்று இழுத்துச் சொல்வாள். அது கிண்டல் என்று கிளைக்கே தெரியும், அந்தப் பையனுக்கும் தெரியும். அப்படி வேண்டாம். சாதாரணமாகச் சொல்லுங்கள், போதும்.

உங்களை அவர் எப்படிக் கூப்பிடுவது என்பதை அவரே கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஒருவர் என்னை "ஆன்ட்டி" என்றார். "மேடம்னே சொல்லுங்க சார்" என்றேன். விஷயம் அன்றோடு முடிந்தது.

"அந்தக் காலத்தில்"

இந்த வார்த்தையை நான் ரேஷன் போட்டுக்கொண்டேன். நான் சேர்ந்தபோது பித்தளை டோக்கன், கையால் எழுதும் லெட்ஜர், அரையாண்டு பேலன்ஸிங்குக்கு ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து பத்து பைசா வித்தியாசத்தைத் தேடுவது, எல்லாம் உண்டு. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த மறுநாள் கிளை பூட்டிக் கிடந்தது, அதற்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்ற கூட்டத்தை இன்னும் மறக்கவில்லை. அப்போது இந்த மேனேஜர் கல்லூரியில் ஏ.டி.எம். வரிசையில் நின்றுகொண்டிருந்தாராம். இதெல்லாம் டீ நேரத்துக் கதை. வேலை நேரத்தில் ஒருவர் ஒன்று கேட்கும்போது நாம் 1993இலிருந்து ஆரம்பித்தால், நான்காவது வரியில் அவர் கண் கம்ப்யூட்டர் திரைக்குப் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு மரியாதை இல்லாத பிள்ளை என்று நாம் வீட்டில் போய்ப் புலம்புவோம். நான் புலம்பியிருக்கிறேன்.

நம்மிடம் இருக்கிற பழைய சங்கதி அவருக்கு உதவ வேண்டுமானால், அதில் ஒரு கணக்கு, ஒரு ஆள், ஒரு தேதி இருக்க வேண்டும். இல்லையென்றால் டீக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம். அவர் வந்த வருடம், நவம்பர் நடுவில் கடன் வசூல் முகாம் வைக்கப் போவதாக மேனேஜர் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெல்டாவில் நவம்பர் என்றால் அடைமழை, வயலில் சம்பா நிற்கும், கையில் காசு இருக்காது. போதாததற்கு அந்த மாதம்தான் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வருவார்கள், ஹாலில் நிற்க இடம் இருக்காது. "நாங்கள்லாம் நவம்பர்ல முகாம் வச்சதே இல்ல" என்று சொல்ல வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கேபினுக்குப் போய் இப்படிச் சொன்னேன்: "சார், இந்த லிஸ்ட்ல இருக்கற விவசாயிங்களுக்குத் தை அறுவடை முடிஞ்சு, கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்ட பணம் நேரா நம்ம கணக்குக்குத்தான் வரும். போன பிப்ரவரில யார் யாருக்கு எவ்வளவு வந்துச்சுன்னு எடுத்துப் பாருங்க."

அவர் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். "இவங்க சரி மேடம். ஆனா இதப் பாருங்க. இது முத்ரா, கடைக்காரங்க. 61 நாள் தாண்டிருச்சு. 90 தாண்டினா என்.பி.ஏ. நான் தைக்குக் காத்திருக்க முடியாது." சின்ன வியாபாரத்துக்கு வாங்கிய முத்ரா கடன்கள், பதினேழு கணக்குகள். தவணை தள்ளி 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அதுதான் என்.பி.ஏ. எனக்கு அந்தப் பட்டியலைப் பார்த்துப் பழக்கமே இல்லை. கடன் கட்டாதவர் எல்லாரும் தையில் கட்டுவார் என்று முப்பது வருடமாக ஒரே மாதிரி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பட்டியலை இரண்டாகப் பிரித்தோம். கடைக்காரர்களை அவர் நவம்பரிலேயே போய்ப் பார்த்தார். எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், யாரிடம் அண்ணனை வைத்துப் பேச வேண்டும், யார் வீட்டில் மனைவியிடம் பேச வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். விவசாயிகள் பக்கம் பிப்ரவரிக்குப் போனது. அந்தப் பதினேழில் நான்கு கைமீறிப் போனது, மீதி தப்பியது. நான் பேசாமல் இருந்திருந்தாலும், நான் சொன்னதை மட்டுமே அவர் கேட்டிருந்தாலும் இன்னும் மோசமாகியிருக்கும்.

தப்பை எங்கே சொல்வது

கேபினுக்குள், கதவை ஒருக்களித்து, இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். கவுண்டரிலிருந்து குரல் கொடுக்காதீர்கள்.

ஒரு நாள் ஒருவர் தன் அண்ணன் அடகு வைத்த நகையை மீட்க வந்தார். கையில் அண்ணன் எழுதிய அங்கீகாரக் கடிதம், கையெழுத்தும் பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. மேனேஜர் பேனாவைத் திறந்துவிட்டார். அப்பா செத்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று ஊருக்கே தெரியும், வெளியூரிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? எழுந்து போய், "சார், ரெண்டு பேருக்கும் பாகப் பிரச்சினை ஓடுது. அண்ணன் நம்பருக்கு ஒரு போன் போட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து என் வேலையைப் பார்த்தேன். அவர் போன் போட்டார். நகை அன்றைக்கு வெளியே போகவில்லை.

இதன் பின்கதையையும் சொல்ல வேண்டும். அன்று மாலை ரீஜனல் ஆபீஸ் வி.சி.யில், அதாவது வீடியோ மீட்டிங்கில், அவர் இதைச் சொன்னார், தானே சந்தேகப்பட்டுப் பிடித்தது போல. கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றால் மிகை, ஆனால் இரண்டு நாள் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்தேன். எனக்கு இனி ப்ரமோஷன் இல்லை, அந்தப் பெயரை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? ஆனாலும் மனதில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்குவது என் குணத்துக்கு ஒத்து வராது. "அன்னிக்கு வி.சி.ல என் பேரையும் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. "தோணவே இல்ல மேடம்" என்றார். அது உண்மைதான் என்று நினைக்கிறேன். அந்த வயதில் மேலே இருப்பவர்களைப் பார்த்துப் பயந்துகொண்டே பேசும்போது கீழே யார் சொன்னது என்று நினைவு வராது. அடுத்த முறை சொன்னார். ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள், அதற்கு மேல் அதைக் கையில் எடுக்காதீர்கள்.

கற்றுக்கொள்ளும்போது யார் நாற்காலியில்

எனக்குத் தெரியாததை அவரிடம் கேட்க ஒரு வருடம் கூச்சப்பட்டேன். டேப்லட்டில் கணக்குத் திறக்கும் முறை வந்தபோது, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் "நீயே பண்ணிடும்மா" என்று தள்ளிவிட்டேன். அவள் பிரசவ விடுப்பில் போனதும் மாட்டிக்கொண்டேன்.

இளையவர்களிடம் கேட்டால் சொல்லித் தருவார்கள், ஆனால் கை வேகம் தாங்காது. டக் டக்கென்று நான்கு கீயைத் தட்டி, "அவ்ளோதான் மேடம்" என்பார்கள். நமக்கு ஒன்றும் பதிந்திருக்காது, திரும்பக் கேட்க வெட்கமாக இருக்கும். அதனால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். "நான் உட்கார்ந்து பண்றேன் சார், நீங்க நின்னு சொல்லுங்க." அவர் கை மவுஸுக்கு வந்தால் "சொல்லுங்க சார், நானே அழுத்தறேன்" என்று சொல்லுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டு வைத்துக்கொண்டு மெனு குறியீடுகளை நம் கையால், நமக்குப் புரிகிற தமிழில் எழுத வேண்டும். என் நோட்டில் ஒரு பக்கத்துத் தலைப்பு "செத்தவர் கணக்கு முடிக்க". நேரமும் முக்கியம். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கேட்கவே கூடாது. நான்கு மணிக்கு மேல், மாலை வி.சி.க்கு முன் ஒரு இருபது நிமிடம் கிடைக்கும்.

நான் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவரும் என்னைக் கேட்க ஆரம்பித்தார். இது நான் எதிர்பார்க்காதது.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. கிளைக் குழுவில் ராத்திரி பத்தரைக்கு "நாளைக்கு இன்சூரன்ஸ் மூணு வேணும்" என்று வரும், மூன்று பாலிசி பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். நான் முதலில் எழுந்து உட்கார்ந்து "ஓகே சார்" என்று போட்டேன், தூக்கம் போச்சு. நீளமாக நான் எழுதும் விளக்கத்துக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வரும், அவமதிப்பாகத் தோன்றும். பிறகு நேரில் கேட்டபோது, "நைட்டு மறந்துருவேன்னு போட்டு வைக்கறேன் மேடம், காலைல பார்த்தா போதும்" என்றார். கட்டைவிரல் என்றால் படித்தேன், சம்மதம், அவ்வளவுதான். இரண்டுக்கும் நானே அர்த்தம் கற்பித்துக்கொண்டு ஆறு மாதம் ரத்த அழுத்தம் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

தயிர்சாதம்

அவர் மெஸ்ஸில் சாப்பிடுபவர். விருதுநகர் பக்கத்துப் பிள்ளை, கல்யாணம் ஆகவில்லை. எனக்குத் தாய் மனசு. ஒரு வாரம் தினமும் தயிர்சாதமும் மாவடுவும் தனி டப்பாவில் கொண்டு போனேன். எட்டாம் நாள், "வீட்ல பொண்ணு பார்க்கறாங்களா?" என்று கேட்டுவிட்டேன். மறுநாள் டப்பா திறக்காமல் திரும்பி வந்தது. "ஸ்டமக் சரியில்ல மேடம்."

சாப்பாடு கொண்டு போவது தப்பில்லை. கொண்டு போனால் எல்லாருக்குமாகக் கொண்டு போங்கள், நடு மேசையில் வையுங்கள். கல்யாணம், சம்பளம், இளைத்துப் போனது, முடி வெட்டாதது, இதெல்லாம் நம் பிள்ளையிடம் கேட்க வேண்டியது. அதையே நம் பிள்ளையும் ரசிப்பதில்லை. லீவு கேட்கிற இடத்திலும் அம்மாவாக இருக்க முடியாது. ஒரு முறை அவர் என் லீவை மறுத்தபோது "இவ்வளவு பண்ணியும்" என்று மனதில் ஓடியது. அப்போதுதான் என் தயிர்சாதத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது என்று தெரிந்தது.

முகத்துக்கு நேரே கத்தினால்

ஒரு நாள் சர்வர் படுத்துக் கிடந்தது, வரிசை வாசல் தாண்டியது. எல்லார் முன்னாலும், "கொஞ்சம் ஃபாஸ்ட்டா பண்ணுங்க மேடம், இப்படிப் பண்ணா எப்படி?" என்றார். அங்கே பதில் சொல்லாதீர்கள். மறுநாள் வரை வைத்துக்கொள்ளவும் கூடாது, ராத்திரியில் அது வளர்ந்துவிடும். ஷட்டர் இறக்கிய பிறகு போனேன். "சர்வர் நின்னது உங்களுக்கும் தெரியும். ஜனங்க முன்னால சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. வேகம் போதலன்னா உள்ள கூப்பிட்டுச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்." வயதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "உங்க அம்மா வயசு எனக்கு" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அவர் சாரி சொன்னார். எல்லாரும் சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள். இவருக்கு முந்தைய மேனேஜர் ஒருவர் சொல்லவே இல்லை, மூன்றாவது முறை நான் யூனியன் செயலாளரோடு போய்ப் பேசினேன். அதற்காகத்தான் யூனியன் இருக்கிறது.

ஆனால் டீக்கடையில் "அந்தச் சின்னப் பையன்" பேச்சு நடக்கும்போது அதில் உட்காராதீர்கள். நாம் சொன்னது மாலைக்குள் கேபினுக்குப் போய்விடும், நாம் சொல்லாததும் சேர்ந்து போகும்.

ஒரே ஒரு இடத்தில் வளையவே கூடாது, அது பாஸ்வேர்டு. இதுவும் அந்த முந்தையவர்தான். மாலை ஆறரை மணிக்கு, "நீங்க கிளம்புங்க மேடம், உங்க பாஸ்வேர்டு மட்டும் சொல்லிட்டுப் போங்க, மிச்ச எண்ட்ரிய நாங்க போட்டுக்கறோம்" என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் எண்ட்ரி போடுபவர் ஒருவர், பாஸ் செய்பவர் வேறொருவர் என்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. "நானே இருந்து போட்டுடறேன் சார், இருபது நிமிஷம்" என்று சொல்லிக் கடைசி பஸ்ஸை விட்டேன். ஓய்வு நெருங்கும்போது ஒரு விசாரணை வந்தால் வர வேண்டிய பணம் எல்லாம் சிக்கிக்கொள்ளும். இளையவருக்குச் சரிசெய்துகொள்ள முப்பது வருடம் இருக்கிறது, நமக்கு இல்லை.

இன்னொன்று, சொல்லத் தயங்கியது

எனக்கு மூன்று முறை ப்ரமோஷன் தேர்வுக்கு வாய்ப்பு வந்தது. போனால் வெளியூர் மாற்றல். மாமியார் படுக்கையில், மகன் பள்ளியில், கணவருக்கு உள்ளூர்க் கடை. மூன்று முறையும் எழுதவில்லை. கேபினில் அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் நான் பார்த்தது அந்த நாற்காலியைத்தான். வயது ஒரு சாக்கு. அவர் 50 வயதுக்காரராக இருந்தாலும் எனக்கு உறுத்தியிருக்கும். இதை ஒரு ராத்திரி ஒப்புக்கொண்ட பிறகு பாதி பாரம் இறங்கியது. உங்களுக்கும் உறுத்தினால், உறுத்துவது அவருடைய வயதா, நீங்கள் எழுதாத தேர்வா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே வாரம் ஒரு பேச்சு வந்தது. நான் பழைய பென்ஷனில் இருப்பவள், 1995 திட்டம். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த அவருக்கு அது கிடையாது, சம்பளத்தில் பிடித்துச் சந்தையில் போடும் என்.பி.எஸ்.தான். ஆறு வருடத்தில் இது மூன்றாவது ஊர். "நீங்க முப்பது வருஷமா வீட்லேர்ந்து பஸ் ஏறி வர்றீங்க மேடம்" என்றார். பொறாமை என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் குரலில் ஏதோ இருந்தது. நான் அவர் நாற்காலியைப் பார்த்த மாதிரி அவர் என் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவருக்கு மாற்றல் ஆர்டர் எந்த நாளும் வரலாம் என்கிறார்கள். எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அந்தக் கோடு போட்ட நோட்டில் பின்பக்கத்திலிருந்து வேறொன்று எழுத ஆரம்பித்திருக்கிறேன், அடுத்து வருபவருக்காக. எந்த மகளிர் குழுவுக்கு எந்தக் கிழமை கூட்டம், எந்தத் தெருவில் மழைக்காலத்தில் வண்டி போகாது, யாருக்குக் காது கேட்காது, யாருக்குப் படிக்கத் தெரியாது ஆனால் தெரிந்தது போல் தலையாட்டுவார். அண்ணன் தம்பி சண்டைகளை மட்டும் எழுதவில்லை. அவற்றைக் கேபினுக்குள் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.